"சார், நீங்க பேசுறது கேக்கல": வீட்டிலிருந்து போன் கால் எடுப்பவர்களுக்கு ஹெட்செட் கோளாறும் தீர்வும்

வீட்டிலிருந்து கஸ்டமர் சர்வீஸ் வேலை பார்ப்பவரின் ஹெட்செட்டில் கோளாறு வந்தால், அது அவருக்குத்தான் கடைசியாகத் தெரியும். நம் காதில் எல்லாம் தெளிவாகவே கேட்கும். எதிர்முனையில் இருப்பவர்தான் "ஹலோ... ஹலோ..." என்று கத்திக்கொண்டிருப்பார். ஒரு வாரம் கழித்து, பேசிய தரத்துக்குக் கொடுக்கும் கியூஏ மதிப்பெண் இறங்கி, டீம் லீடர் கூப்பிட்டுக் கேட்கும்போதுதான் மைக் மேல் சந்தேகம் வரும். அப்புறம் பதற்றத்தில் ஆன்லைனில் தேடி, கையிலிருக்கும் காசுக்கு மேல் போட்டு ஒன்றை வாங்குவோம். அதற்குப் பிறகும் கஸ்டமர் "கேக்கல" என்றே சொல்வார்.

நான் சென்னையில் ஒரு வாய்ஸ் பிராசஸில், அதாவது போனில் கஸ்டமரிடம் பேசும் வேலையில், இருந்தவள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அந்த ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை, கால் சென்டர் போன்ற நிறுவனங்களுக்கான ஓஎஸ்பி விதிகளைத் தளர்த்தியது. கால் சென்டர் ஏஜென்ட் வீட்டில் உட்கார்ந்தே வேலை செய்ய நிரந்தரமாக வழி பிறந்தது அப்போதுதான். அதன்பின் டீமில் சேர்ந்த பல பிள்ளைகள் சென்னைக்கே வராமல் சொந்த ஊரிலிருந்து லாகின் செய்கிறார்கள். அவர்களுக்கு ஹெட்செட் பார்த்துக் கொடுத்ததில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கஸ்டமர் என்ன சொல்லிக் குறைப்படுகிறாரோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் ஒரு நிமிடப் பதிவு

விண்டோஸ் 11-ல் சவுண்ட் ரெக்கார்டர் இருக்கும். விண்டோஸ் 10-ல் அதற்குப் பெயர் வாய்ஸ் ரெக்கார்டர். அதைத் திறந்து, ஷிப்டில் எப்படி உட்கார்வீர்களோ அப்படியே உட்காருங்கள். அதே நாற்காலி, ஃபேன் அதே வேகம், சமையலறையில் அதே வேலை. அறையை அமைதியாக்கிவிட்டுப் பதிவு செய்தால் பயனில்லை.

பதிவை ஆரம்பித்ததும் முதல் பத்து நொடி வாயே திறக்காதீர்கள். பிறகு தினமும் சொல்லும் ஓப்பனிங் ஸ்கிரிப்டைச் சொல்லுங்கள். அடுத்து "பாலிசி, பேமென்ட், பாஸ்வேர்டு" என்று ப வரும் சொற்கள். அப்புறம் "சிக்ஸ், செவன், சிக்ஸ்டி, சிக்ஸ்டீன்" என்று எண்கள். கடைசியாகப் பேசிக்கொண்டே ஒயரை லேசாக ஆட்டுங்கள், தலையை இடமும் வலமும் திருப்புங்கள். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

பேசாத பத்து நொடியில் "ஹூம்" என்றோ "கிர்ர்" என்றோ கேட்டால் அது மின்சாரத்தால் வருவது, அல்லது ஃபேன். ப வரும் இடத்தில் "பொத் பொத்" என்று அடித்தால் மைக் வாய்க்கு நேரே இருக்கிறது. ஒயரை ஆட்டும்போது கரகரத்தால் ஒயர் உள்ளே அறுந்துகொண்டிருக்கிறது. பதிவு முழுக்கப் பளிச்சென்று இருந்தும் கஸ்டமர் மட்டும் குறை சொல்கிறாரா? அப்படியானால் ஹெட்செட் மேல் பழி போடாதீர்கள். நெட்டிலோ, சாஃப்ட்போனிலோ (கம்ப்யூட்டரிலேயே கால் எடுக்கும் ஆப்), கம்பெனியின் ரிமோட் டெஸ்க்டாப்பிலோதான் (கம்பெனி கம்ப்யூட்டரை நெட் வழியாக இயக்கும் வசதி) வில்லங்கம். இந்த ஒரு நிமிடம் எத்தனையோ பேருக்கு இரண்டாயிரம் ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கிறது.

"நீங்க பேசுறதே கேக்கல"

குரல் துளியும் போகவில்லை என்றால் பெரும்பாலும் ஹெட்செட் பழுதாகியிருக்காது. எங்கோ ஒரு கதவு அடைத்திருக்கும், அவ்வளவுதான். ஒயரில் இருக்கும் மியூட் பட்டனிலிருந்து ஆரம்பியுங்கள். மடியில் விழுந்து தானாகவே அழுந்திவிடும். சில மாடல்களில் மைக் தண்டை மேலே தூக்கினாலே மியூட் ஆகிவிடும். அடுத்து சாஃப்ட்போனில் உள்ள மியூட். இரண்டும் தனித்தனி என்பதை மறக்காதீர்கள். ஒன்றைத் திறந்தாலும் இன்னொன்று மூடியே இருக்கும்.

பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட் என்று போய் இன்புட்டில் உங்கள் ஹெட்செட்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோனைத் திறந்து, டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று குரல் போகவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கால் எடுக்கும் டயலர் குரோம் பிரவுசரில் ஓடுகிறது என்றால் முகவரிக்குப் பக்கத்தில் உள்ள சின்னத்தை அழுத்தி அங்கேயும் மைக்குக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. விண்டோஸில் டீஃபால்ட் டிவைஸ் என்று ஒன்று, டீஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ் என்று இன்னொன்று இருக்கிறது. பாட்டும் வீடியோவும் முதலாவதில் ஓடும். சாஃப்ட்போன்களில் பல இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்ளும். ரெக்கார்டரில் குரல் பதிவாகிறது, காலில் மட்டும் போகவில்லை என்றால் பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனலைத் திறந்து இரண்டுக்கும் ஹெட்செட்டையே வையுங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை செய்பவர்கள் ஹெட்செட்டைச் செருகிய பிறகு லாகின் செய்யுங்கள். செஷன் ஓடும்போது செருகினால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு அது தெரியாமலே போகலாம்.

3.5 மி.மீ. பின் உள்ள ஹெட்செட் என்றால் பின்னைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அதில் இரண்டு காதுக்கும் மைக்குக்கும் சேர்த்து இணைப்பு உண்டு. இரண்டு வளையம் என்றால் அந்தப் பின்னில் மைக்குக்கு வழியே கிடையாது. பழைய டெஸ்க்டாப்பில் காதுக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு என்று இரண்டு துளை இருக்கும். மூன்று வளையப் பின்னைப் பச்சைத் துளையில் செருகினால் உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது போகாது. இதற்கு ஒய் வடிவத்தில் ஒரு பிரிப்பான் ஒயர் விற்கிறார்கள், நூறு இருநூறு ரூபாய்தான். வாங்கும்போது திசையைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பின்னை இரண்டாகப் பிரிப்பது வேறு, இரண்டு பின்னை ஒன்றாகச் சேர்ப்பது வேறு. இரண்டு பேர் பாட்டுக் கேட்க விற்கும் பிரிப்பானும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும்.

"கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு"

என் சித்தி மகள் கோவில்பட்டியில் இருக்கிறாள். வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம் போன் செய்தாள்.

"அக்கா, எல்லா கஸ்டமரும் கிணத்துக்குள்ள இருந்து பேசுறியாங்கறாங்க. புது ஹெட்செட்க்கா. மூவாயிரம் ரூபா. பாட்டுக் கேட்டா அப்படி இருக்கு!"

"ப்ளூடூத்தா?"

"ஆமாக்கா."

ஒரு நிமிடம் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். கேட்டேன். ச, ஸ, ஷ எல்லாம் ஒரே மாதிரி மழுங்கிப்போய், குரல் டப்பாவுக்குள் அடைபட்டது போல இருந்தது. "சிக்ஸ்டி" எது, "சிக்ஸ்டீன்" எது என்று எனக்கே தெரியவில்லை. பேமென்ட் தேதி சொல்லும் வேலையில் இருப்பவளுக்கு இது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

காரணம் இதுதான். ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு ஒரு பாதை. பாட்டுக்கான ஏ2டிபி பாதையில் ஒலி ஒரே திசையில்தான் ஓடும், அதனால் தரம் நன்றாக இருக்கும். மைக் திறந்த அந்த நொடியே ஹெட்செட் ஹேண்ட்ஸ்ஃப்ரீ பாதைக்கு மாறிவிடும். போகும் குரல், வரும் குரல் இரண்டையும் அந்தக் குறுகிய சந்தில் அடைக்க வேண்டும். பழைய முறையில் நொடிக்கு 8,000 முறைதான் ஒலி அளக்கப்படும். சற்றே புதிய முறையில் 16,000. பாட்டுக்கு அதுவே 44,100. போதாக்குறைக்கு, சாதாரண போன் லைனே 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கொண்டுபோகும். ஏற்கெனவே ஒடுங்கிப் போகவிருக்கும் குரலை ப்ளூடூத் ஒரு முறை நசுக்கி அனுப்புகிறது, போன் லைன் மறுபடியும் நசுக்குகிறது.

அவள் வாங்கிய ஹெட்செட் கெட்டதில்லை. அது பாட்டுக் கேட்கச் செய்த பொருள். பெட்டியில் "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று போட்டிருப்பதும் காதுக்கு வரும் ஒலியைப் பற்றித்தான். கஸ்டமர் கேட்கும் குரலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அவளிடமே பழைய ஒயர் ஹெட்செட் ஒன்று இருந்தது. போன் வாங்கியபோது வந்ததில்லை, கல்லூரியில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது, மைக் தண்டு வைத்தது. அதைப் போட்டு அதே வாக்கியங்களைப் பதிவு செய்யச் சொன்னேன். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, "அக்கா, எண்ணூறு ரூபா ஹெட்செட்ல நான் மனுஷி மாதிரி பேசுறேன்க்கா" என்றாள்.

ப்ளூடூத் இல்லாமலே கிணற்றுக் குரல் வந்தால், ஹெட்செட் மைக்குக்குப் பதில் லேப்டாப்பின் உள் மைக் வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். சோதிப்பது எளிது. சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் அளவுக்கோடு ஆடும் இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஹெட்செட் மைக்கின் பஞ்சை நகத்தால் சுரண்டுங்கள். கோடு துள்ளினால் சரி. துள்ளாமல், லேப்டாப்பின் மூடியைத் தட்டினால் துள்ளுகிறது என்றால் ஆள் மாறியிருக்கிறது. இன்புட்டை மாற்றுங்கள். உள் மைக்கை முடக்கி வைத்தால் மறுபடி இந்தத் தொல்லை வராது.

"பின்னாடி ஒரே சத்தமா இருக்கு"

நம் வீடுகளில் இதுதான் பெரிய போராட்டம். குக்கர் விசில், பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் பழைய பேப்பர்காரர், கோயில் ஸ்பீக்கர். பணம் அதிகம் வீணாவதும் இங்கேதான். ஏனென்றால் "நாய்ஸ் கேன்சலிங்" என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு விஷயங்களை விற்கிறார்கள்.

ஏஎன்சி (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்) என்று போட்டிருந்தால் அது உங்கள் காதுக்கானது. வெளிச் சத்தம் உங்களுக்குக் கேட்காமல் அடக்கும். கஸ்டமருக்குப் போகும் குரலில் அது எதுவும் செய்யாது. ஃபேன் இரைச்சல் உங்களுக்குக் கேட்காது, அவருக்கு நன்றாகக் கேட்கும். சத்தம் இருப்பதே தெரியாமல் நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள். இஎன்சி என்றோ, நாய்ஸ் கேன்சலிங் மைக் என்றோ போட்டிருந்தால்தான் அது எதிர்முனைக்கானது. விலை குறைவாக வாங்குகிறவர் ஏஎன்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் எந்த எழுத்தையும்விட முக்கியம், மைக் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது. தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். வாயோரம் மூன்று சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கோடு, நெஞ்சில் தொங்கும் இயர்போன் மைக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபேன் சத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான், உங்கள் குரல் மட்டும் அங்கே பல மடங்கு மெலிந்து போய்ச் சேருகிறது. அதனால்தான் கால் சென்டரில் நீண்ட தண்டு வைத்த மைக்கைத் தவிர வேறெதையும் பார்க்க முடிவதில்லை. காதுக்குள் செருகும் பட்ஸ், ஒயரில் மைக் வைத்த இயர்போன் எல்லாம் அவசரத்துக்குச் சரி, ஒன்பது மணி நேர ஷிப்டுக்கு ஆகாது.

மைக் தண்டும் சரியாக இருந்து சத்தம் கேட்டால், மைக் ஒலியைப் பெருக்கும் மைக் பூஸ்ட்டைப் பாருங்கள். பழைய கன்ட்ரோல் பேனலில் மைக்கின் லெவல்ஸ் பகுதியில் இருக்கும். யாரோ எப்போதோ 20 அல்லது 30 டெசிபல் ஏற்றி வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் தெருவே உங்கள் மைக்குக்குள் வந்துவிடும். பூஸ்ட்டை இறக்கிவிட்டு மைக்கை வாயருகே கொண்டு வாருங்கள். இரண்டும் சேர்ந்துதான் பலன் தரும்.

அறையிலும் சில வேலை உண்டு. தலைக்கு நேர் மேலே சீலிங் ஃபேன் இருந்தால் மேசையைச் சுவரோரம் தள்ளுங்கள். காற்று மைக்கில் நேராகப் படும்போது வரும் "புஸ்" சத்தத்தை எந்த சாஃப்ட்வேரும் முழுக்க எடுக்காது. வெறும் சுவரைப் பார்த்துப் பேசுவதைவிட, துணி நிறைந்த அலமாரியையோ கனத்த திரையையோ பார்த்துப் பேசினால் எதிரொலி குறையும். மெத்தைக் கட்டில் இருக்கும் அறை, காலியான ஹாலைவிட எப்போதும் மேல். குக்கரைப் பொறுத்தவரை வீட்டில் பேசி நேரத்தை மாற்றுவதுதான் ஒரே வழி. என் வீட்டில் லாகினுக்கு முன்பே பருப்பு வெந்துவிடும்.

"மூச்சு விடுறது கேக்குது"

மைக் வாய்க்கு நேரே இருக்கிறது, அவ்வளவுதான். உதட்டின் ஓரத்தில், சற்றுக் கீழே, இரண்டு விரல் இடைவெளியில் இருக்கட்டும். மூக்குக்கு நேராக ஒருபோதும் வேண்டாம். பஞ்சு உறை இல்லையென்றால் ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள், விலை மலிவு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், எச்சில் பட்டுப் பட்டுக் கெட்டியாகிவிடும்.

"கர்ர்ருன்னு ஒரு இரைச்சல்"

இதில் இரண்டு வகை. விடாமல் ஒரே மாதிரி கேட்பது ஒன்று, விட்டு விட்டுக் கரகரப்பது இன்னொன்று.

விடாமல் "ஹூம்" என்றால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு பதிவு எடுங்கள். இரைச்சல் போய்விட்டதா? அப்படியானால் வீட்டு மின்சாரம் வழியாக வருகிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத பிளக்கில் சார்ஜரைப் போட்டால் அந்த ஹூம் லேப்டாப் வழியாக 3.5 மி.மீ. மைக் லைனில் ஏறிவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்செட்டுக்காக மட்டும் சொல்லவில்லை, வீட்டில் இருப்பவர்களின் உயிருக்கும் அதுதான் காப்பு. மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்து இரண்டு முள்ளாக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விடுங்கள்.

அதுவரை கால் எடுக்க வேண்டுமே? ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். விரல் நீளம்தான் இருக்கும், சில நூறு ரூபாய். ஒரு முனை யூஎஸ்பியில், மறுமுனையில் உங்கள் பழைய ஹெட்செட். குரல் லேப்டாப்பின் உள்ளே இருக்கும் மின்சாரச் சலசலப்பைத் தொடாமல் வெளியிலேயே டிஜிட்டலாக மாறிவிடும். யூஎஸ்பி ஹெட்செட்டுகள் இரைச்சல் இல்லாமல் இருப்பதற்கும் இதே காரணம்தான், அவற்றுக்குள்ளேயே அந்தச் சவுண்ட் கார்டு உட்கார்ந்திருக்கிறது. லேப்டாப்பின் ஜாக் தளர்ந்து போனவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

விட்டு விட்டுக் கரகரத்தால் ஒயர்தான். பின் சேரும் இடம், காதுக் கிண்ணத்தில் நுழையும் இடம், நாற்காலிச் சக்கரம் ஏறும் இடம், இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் உள்ளே அறுந்திருக்கும். டேப் சுற்றினால் ஒரு வாரம் ஓடும், அதற்கு மேல் நம்ப முடியாது. புதிதாக வாங்கியதும் ஒயரை ஒரு சுற்றுச் சுற்றி மேசைக் காலில் தளர்வாகக் கட்டிவிடுங்கள். எழுந்திருக்கும்போது இழுபட்டால் இழுப்பு அந்தக் கட்டில் விழும், பின்னில் விழாது.

"நான் பேசுறது எனக்கே திரும்பிக் கேக்குது"

கஸ்டமருக்கு அவர் குரலே எதிரொலித்தால், உங்கள் காதுக் கிண்ணத்திலிருந்து கசியும் ஒலி உங்கள் மைக்கில் ஏறுகிறது. முதலில் வால்யூமைக் குறையுங்கள். காதுப் பஞ்சு தட்டையாகிப் போயிருந்தால் மாற்றுங்கள். லேப்டாப் ஸ்பீக்கரிலும் சேர்ந்து ஒலிக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்களுக்கு உங்கள் குரல் தாமதமாகக் கேட்டால் அது வேறு. மைக்கின் பிராப்பர்ட்டீஸில் "லிஸன் டு திஸ் டிவைஸ்" என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் டிக் விழுந்திருக்கும். எடுத்துவிடுங்கள். தாமதமே இல்லாமல் லேசாகக் கேட்டால் அதை அப்படியே விடுங்கள். அதற்கு சைடுடோன் என்று பெயர், அது நல்லது. தன் குரல் தனக்குக் கேட்காதவர் தன்னையறியாமல் கத்துவார். ஷிப்ட் முடியும்போது தொண்டை கட்டிக்கொள்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு இரண்டு காதும் இறுக மூடியிருப்பதே காரணம். ஒரு காது மட்டும் மூடும் மோனோ ஹெட்செட், அமைதியான அறை உள்ளவர்களுக்கு நல்ல தேர்வு. விலையும் சற்றுக் குறையும். கூட்டுக் குடும்பத்துக்கு மட்டும் அது சரிவராது.

"குரல் விட்டு விட்டு வருது"

ஹெட்செட்டை மாற்ற ஓடாதீர்கள், பத்துக்கு ஒன்பது முறை இது நெட். போன் குரலுக்கு அதிக வேகமே தேவையில்லை. பரவலாக ஓடும் ஜி.711 முறையில் ஒரு காலுக்கு ஒரு திசைக்கு 100 கேபிபிஎஸ்-க்குள்தான் ஆகும், அதாவது ஒரு எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்குக்குள். "100 எம்பிபிஎஸ் வைத்திருக்கிறேனே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. குரலைச் சுமக்கும் சின்னத் தகவல் துண்டுகளான பாக்கெட்டுகள் தவறாமல், ஒரே சீராகப் போய்ச் சேர வேண்டும், அதுதான் கணக்கு. ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து முட்டிக்கொள்வார்கள்.

வைஃபையை விட்டுவிட்டு ரௌட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஈதர்நெட் கேபிள் போடுங்கள். பத்து மீட்டர் கேபிள், நல்ல ஹெட்செட்டைவிட மலிவு, பலன் அதைவிடப் பெரிது. கரண்ட் போகும் ஊரென்றால் ரௌட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ்ஸும் வேண்டும். லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது, ரௌட்டருக்கு இல்லை என்பது முதல் பவர்கட்டில்தான் பலருக்கு உறைக்கிறது.

ஹெட்செட்டே காரணமாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ப்ளூடூத்தும் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) வைத்த வயர்லெஸும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. பல வீடுகளின் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். யூஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் டாங்கிளைச் செருகினாலும் அந்தத் துளையிலிருந்தே இடையூறு வரும். சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயரில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் சரியாகும். ஒயர் யூஎஸ்பி ஹெட்செட் நடுவில் தானாகத் துண்டித்துக்கொண்டால் ஹப்பை விட்டு நேராக லேப்டாப்பில் செருகுங்கள். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட்டில், மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைத்துக்கொள்ளும் டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

காது வலி, தலைவலி

இதைக் கஸ்டமர் சொல்ல மாட்டார், நாம்தான் நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். காதின் மேல் அழுத்தி உட்காரும் வகை மூன்று மணி நேரத்தில் வலிக்கும், அதுவும் கண்ணாடி போடுபவர்களுக்கு. காதைச் சுற்றி உட்காரும் வகை வலிக்காது, ஆனால் நம் வெயிலில் வேர்த்துக் கொட்டும். தோல் போன்ற உறை ஒரு கோடை தாண்டுவதற்குள் உரிய ஆரம்பிக்கும். பஞ்சுத் துணி உறையைப் போட்டுத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துங்கள். மாற்றுப் பஞ்சு தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான்.

சத்தத்தின் அளவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நமக்கு ஷிப்டே ஒன்பது மணி நேரம், அதுவும் சில வாரம் ஆறு நாள். அதற்கு மேல் பாட்டு, சீரியல் வேறு. கஸ்டமர் மெதுவாகப் பேசினால் வால்யூமை முழுக்க ஏற்றிவிட்டு, அடுத்த காலில் அதே அளவில் ஒருவர் கத்தும்போது காது அதிர்ந்துபோகும். ஃபேக்ஸ் ஒலி பாய்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு கால் முடிந்ததும் வால்யூமைப் பழைய இடத்துக்கு இறக்கிவிடும் பழக்கத்தைக் கையில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்த பிறகும் காதில் "ஙொய்" என்று கேட்டுக்கொண்டிருந்தால் காது டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

புதிதுதான் வாங்க வேண்டும் என்றால்

இத்தனையும் பார்த்த பிறகும் ஹெட்செட்தான் குற்றவாளி என்று தெரிந்தால் வாங்குங்கள். அதற்கு முன் கம்பெனியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நீங்களே தருவீர்களா? இல்லையென்றால் எந்த மாடல்கள் உங்கள் சாஃப்ட்போனில் ஓடும்? சில இடங்களில் ப்ளூடூத்துக்கு அனுமதியே இல்லை. வாங்கிய பிறகு தெரிந்தால் காசு போச்சு.

என் தேர்வு எப்போதும் ஒயர் யூஎஸ்பி, வளையும் மைக் தண்டு, ஒயரில் மியூட் பட்டன். மியூட்டில் இருக்கிறதா என்று காட்டும் விளக்கு இருந்தால் இன்னும் நல்லது. லாஜிடெக் ஹெச்390 இந்த வகையில் பலரும் வாங்குவது. ஜாப்ரா எவால்வ் 20, பாலி (Poly) பிளாக்வயர் 3220 எல்லாம் அலுவலகங்களுக்கென்றே செய்தவை, தள்ளுபடி வரும்போது பிடிக்கலாம். பிளான்ட்ரானிக்ஸ் என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அதே கம்பெனிதான் 2019-ல் பாலி என்று பெயர் மாறியது; 2022-ல் ஹெச்பி அதை வாங்கிவிட்டது. ஆயிரத்துக்குள்தான் முடியும் என்றால் லாஜிடெக் ஹெச்111 போன்ற 3.5 மி.மீ. ஹெட்செட்டோடு யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். முதல் சம்பளம் வரும் வரை அது தாராளமாகத் தாங்கும். கேமிங் ஹெட்செட் வேண்டாம். கனம் அதிகம், விளக்குக்கும் பேஸ் (bass) ஒலிக்கும்தான் காசு போகும்.

கால் சென்டரில் பயன்படுத்திய பழைய ஹெட்செட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் முனையைப் பாருங்கள். மேசை போனில் செருகும் சின்னச் சதுர முனையோ, கியூடி எனப்படும் தட்டையான இணைப்போ இருந்தால் லேப்டாப்பில் நேராகப் பொருந்தாது. அதற்கென்று தனி யூஎஸ்பி ஒயர் வாங்க வேண்டும், சில நேரம் அந்த ஒயர் ஹெட்செட்டைவிட விலை அதிகம். லேப்டாப்பில் டைப்-சி துளை மட்டும் இருந்தால் அதற்கான மாற்றியையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவில் வாங்கினால் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே நின்று பதிவு செய்து கேளுங்கள். அந்த இரைச்சலில் உங்கள் குரல் தனியாகத் தெரிந்தால் வீட்டில் கவலையே இல்லை. ஆன்லைனில் வாங்கினால் பெட்டி வந்த அன்றே, முடிந்தால் ஷிப்ட் நேரத்திலேயே, அதே ஒரு நிமிடப் பதிவை எடுங்கள். பழைய ஹெட்செட்டிலும் ஒன்று எடுத்து, இரண்டையும் வேறொருவரிடம் கொடுத்து எது எது என்று சொல்லாமல் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால், திருப்பி அனுப்பும் தேதி தாண்டுவதற்குள் பெட்டியை ஒட்டி அனுப்பிவிடுங்கள்.